யாருடைய குளிர்?

பசறைப் பக்கத்தில் மார்கழி பிறந்துவிட்டால் குளிரைப் பற்றிப் பேசாத வாய் கிடையாது. வடகீழ்ப் பருவமழை நமுனுகுலை மலையை நாட்கணக்கில் மூடிக்கொண்டு நிற்கும். 2036 மீற்றர் உயரமான அந்த மலை எங்கே போயிற்று என்று தேட வேண்டியிருக்கும். விடியற்காலையில் பெரட்டுக்குப் போகிற பெண்கள் "கூதலா இருக்கு" என்பார்கள். லயத்து இஸ்தோப்பில் குந்தியிருக்கும் கிழவி "குளிருதுடி" என்பாள். பஸ் தரிப்பில் சிங்களத்தில் ஒருவர் "சீத்தலய் நே" என்பார். பக்கத்தில் நிற்பவர் தமிழரானாலும் சிங்களவரானாலும் தலையசைத்து ஆமோதிப்பார்.

இந்தக் குளிரை இப்போது இன்னொரு மொழியிலும் சொல்லப் பழகும் பிள்ளைகள் நம்மிடையே உண்டு. 2019ஆம் ஆண்டில் இலங்கையும் யப்பானும் செய்துகொண்ட ஒத்துழைப்பு இணக்கத்தின் பின், குறித்த சில தொழில்களுக்கு அந்நாட்டுக்குப் போக வழி பிறந்தது. முதியோரைப் பராமரிக்கும் தொழிலும் அவற்றுள் ஒன்று. போக விரும்புபவர் யப்பானிய மொழித் தேர்ச்சிப் பரீட்சையின் நான்காம் நிலையிலோ, அதற்கு ஈடான அடிப்படைப் பரீட்சையிலோ சித்தியடைய வேண்டும். பராமரிப்புத் தொழிலுக்கென்று தனியாக ஒரு மொழிப் பரீட்சையும் உண்டு. இப்படிப் படிக்கத் தொடங்குபவர் முதல் மாதத்திலேயே சந்திக்கும் சொல் ஒன்றைத்தான் இன்றைக்கு எடுத்துக்கொள்கிறேன். அந்தச் சொல் 'சமுஇ'. குளிரானது, குளிர்கிறது என்று பொருள்.

நேயர்கள் ஒரு தடவை வாய்விட்டுச் சொல்லிப் பார்க்கலாம். ச, மு, இ என்று மூன்று அசை. மூன்றுக்கும் ஒரே அளவு நேரம். தமிழ் நாக்கு கடைசி இரண்டுக்கும் நடுவில் ஒரு வகரத்தைச் சொருகிச் 'சமுவி' என்று சொல்லப் பார்க்கும். உயிரும் உயிரும் சந்தித்தால் உடம்படுமெய்யைக் கொண்டுவந்து நிறுத்துவது நமக்குத் தாய்ப்பாலோடு வந்த இலக்கணம். யப்பானியருக்கு அந்த வழக்கம் இல்லை. முவும் இயும் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டே நிற்கும்.

சொல் அகப்பட்டுவிட்டது, பொருளும் தெரிந்துவிட்டது. அப்படியானால் ஓடையில் கைவைத்துவிட்டுச் 'சமுஇ' என்று சொல்லலாமா? சொல்லக்கூடாது. தொட்டால் சில்லென்று இருக்கும் தண்ணீர், இரும்புக் கட்டில், பனியில் நனைந்த கொழுந்து இவற்றுக்கெல்லாம் 'ட்சுமெதஇ' என்று வேறொரு சொல் இருக்கிறது. சமுஇ என்பது உடம்பு முழுவதையும் சூழ்ந்துகொள்ளும் குளிர். காற்றின் குளிர், காலத்தின் குளிர். வெயிலில் மேடேறி வந்தவன் மரநிழலில் நிற்கும்போது முகத்தில் படுகிற இதமான குளிர்ச்சிக்கோ 'சுஸுஷீ' என்று மூன்றாவது சொல்லொன்று உண்டு. அன்பில்லாத மனிதனைச் சொல்ல ட்சுமெதஇ உதவும், சமுஇ உதவாது. கையில் காசில்லை என்பதற்கும், யாரும் சிரிக்காத பகிடிக்கும் சமுஇதான் உதவும். பகிடி கேட்டுக் குளிரெடுத்தது என்பது நல்ல கற்பனை. நம்முடைய பட்டிமன்ற மேடைகளுக்கு இந்தச் சொல்லை இறக்குமதி செய்யலாம்.

தமிழில் இந்த மூன்றும் ஒரே வேரிலிருந்து கிளைக்கின்றன. வெயில் காய்ந்த சமவெளியில் வளர்ந்த மொழியாதலால், குளிர் நமக்குப் பெரும்பாலும் நல்ல சேதி. கண் குளிரக் கண்டேன், மனங்குளிர வாழ்த்தினார், வயிறு குளிர்ந்தது என்கிறோம். தண்ணளி என்றால் அருள். திருச்சி, சேலம், மதுரைச் சீமைகளிலிருந்து வந்தவர்கள் இந்தச் சொற்களையும் மூட்டையோடு கட்டிக்கொண்டுதான் மலையேறினார்கள். மலையில் குளிர் வேறாக இருந்தது. வாழ்த்துகிற சொல்லாலேயே வருத்தத்தையும் சொல்லவேண்டி வந்தது. பசறையில் ஒரு கிழவி "குளிருது" என்பதையும், மதுரையில் ஒருவர் "மனசு குளிர்ந்துபோச்சு" என்பதையும் யப்பானிய மொழியில் பெயர்த்தால் இரண்டுக்கும் ஒட்டுமில்லை உறவுமில்லை.

யப்பானியக் கவிஞர்களும் குளிரைக் கூறுபோட்டுக் கொடுப்பதில் கெட்டிக்காரர்கள். ஹைக்குவில் பருவத்தைக் காட்டும் சொல் ஒன்று வரவேண்டும் என்பது மரபு. சமுஇயிலிருந்து பிறந்த 'சமுச', அதாவது குளிர் என்ற பெயர், கூதிரும் பனியும் கலந்த அவர்களது மாரிகாலத்துக்குரியது. இரவுக் குளிர், காலைக் குளிர், தோலில் உறைக்கிற குளிர் என்ற மூன்றும் இலையுதிர் காலத்துக்குரியவை. வசந்தம் வந்த பிறகும் போகாமல் தங்கிவிட்ட குளிருக்கும் ஒரு தனிச்சொல் வைத்திருக்கிறார்கள். அது வசந்தத்தின் கணக்கில் சேரும்.

இனி இலக்கணம். யப்பானியப் பெயரடை நம் பெயரடையைப் போலப் பெயருக்கு முன்னால் சும்மா நிற்கும் பிராணி அல்ல. வாக்கியத்தின் கடைசியில் வந்து தானே பயனிலையாகும். அதுமட்டுமல்ல, காலத்தையும் எதிர்மறையையும் தன்மேலேயே ஏற்றுக்கொள்ளும். நேற்றுக் குளிராக இருந்தது என்றால் 'சமுகத்த'. குளிரில்லை என்றால் 'சமுகுனஇ'. குளிராக இருக்கவில்லை என்றால் 'சமுகுனகத்த'. (இவற்றில் வரும் ககரத்தைப் 'பக்கம்' என்பதில்போல வலித்துச் சொல்ல வேண்டும்.) நம்மவர் இங்கேதான் அதிகம் தடுக்கி விழுவர். மரியாதைக்காகக் கடைசியில் சேர்க்கப்படும் 'தெஸ்' என்பதற்கு 'தெஷித' என்று இறந்தகால வடிவம் உண்டு. 'குளிராக இருந்தது' என்று மனதில் எண்ணிக்கொண்டு, 'இருந்தது' என்ற இடத்தில் அதைப் போட்டுச் 'சமுஇ தெஷித' என்பார்கள். அது பிழை. சமுஇதான் இறந்தகாலத்துக்குப் போகவேண்டும், தெஸ் இருந்தபடியே இருக்கும்: 'சமுகத்த தெஸ்'.

இதற்கு ஒரு சுலபமான வழி, எழுத்துத் தமிழை மறந்துவிட்டு லயத்துப் பேச்சில் எண்ணிப் பார்ப்பது. "ராத்திரி நல்லாக் குளிருச்சு" என்கிறோம். அங்கே 'இருந்தது' இல்லை. குளிரே காலம் காட்டுகிறது. குளிருது என்பது சமுஇ. குளிருச்சு என்பது சமுகத்த. குளிரலை என்பது சமுகுனஇ. ஒன்றுக்கொன்று சரியாகப் பொருந்துகிறது. பாடப்புத்தகத் தமிழ் வழியாகப் போகிறவர் சுற்றுவழியில் போகிறார். தோட்டத்துப் பேச்சு வழியாகப் போகிறவர் குறுக்குப் பாதையில் போய்ச் சேர்ந்துவிடுவார்.

இலக்கணம் படித்த நேயர்களுக்கு இங்கே தொல்காப்பியர் நினைவுக்கு வருவார். நல்லன், கரிது, இனிது போன்றவற்றை அவர் வினையியலில் வைத்துக் குறிப்பு வினை என்றார். பண்பைச் சொல்வதால் பெயர்போலத் தோன்றினாலும் தொழிற்பாட்டால் அவை வினை என்பது அவர் கொள்கை. யப்பானியப் பெயரடையும் ஏறக்குறைய அந்தச் சாதிதான். வேறுபாடு ஒன்று உண்டு. நம் குறிப்பு வினை காலத்தை உள்ளே ஒளித்துவைத்திருக்கும். அவர்களுடையது வெளியே அணிந்துகொள்ளும். மறுபுறத்தில், நல்லன், நல்லள் என்று நம்முடையது ஆள் பார்த்து உருமாறும். அவர்களுடையது அதைச் செய்யாது. எல்லாருக்கும் ஒரே சமுஇதான். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

இப்படி ஒற்றுமைகள் தென்படும்போது இரு மொழியும் ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகளா என்று கேட்கத் தோன்றும். கேட்டவர் ஒருவர் இருந்தார். கக்குஷுயின் பல்கலைக்கழகப் பேராசிரியர் சுசுமு ஓனோ (1919–2008) தமது 'யப்பானிய மொழியும் தமிழ் மொழியும்' என்ற நூலை 1981இல் வெளியிட்டார். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகப் பேராசிரியர் அ. சண்முகதாஸும் மனோன்மணி சண்முகதாஸும் அவரோடு பல்லாண்டுகள் சேர்ந்து உழைத்தனர். மனோன்மணி அம்மையார் யப்பானியரின் மிகப் பழைய பாடற்றொகுதியாகிய மன்யோசுவைச் சங்கப் பாடல்களோடு ஒப்புநோக்கித் தமிழில் எழுதினார். ஓனோவின் முடிபைப் பெரும்பாலான மொழியியலார் ஏற்கவில்லை. ஏற்காததற்குக் காரணமும் உண்டு. 'இரு' என்ற சொல்லைப் பாருங்கள். நாம் வந்துகொண்டு இரு என்பதுபோல அவர்களும் வினைக்குப் பின்னால் 'இரு' சேர்த்துத் தொடர்நிகழ்வைச் சொல்கிறார்கள். உட்காருதல் என்ற பொருளும் இரண்டிலும் உண்டு. கேட்டவுடன் புல்லரிக்கும். ஆனால் யப்பானியச் சொல்லின் பழைய வடிவம் வகரம் போன்ற ஒலியோடு, 'விரு' என்று தொடங்கியது என்று அறிந்ததும் புல்லரிப்பு அடங்கிவிடும். உறவு உண்டோ இல்லையோ, அந்த மூவரின் உழைப்பால் மன்யோசுவின் காதலர் தமிழ் பேசினர். எனக்கு அதுவே பெரிய லாபமாகப் படுகிறது.

இனித்தான் நான் சொல்லவந்த விஷயத்துக்கு வருகிறேன். சமுஇ எல்லாருக்கும் ஒன்றுதான், ஆள் பார்த்து உருமாறாது என்றேன். உருமாறாத அந்தச் சொல்லை எல்லாரையும் பற்றிச் சொல்லிவிட முடியாது என்பதுதான் அதன் சூட்சுமம்.

"எனக்குக் குளிருது", "உனக்குக் குளிருது", "அவளுக்குக் குளிருது". தமிழில் மூன்றும் சரி. கேட்பவர் யாரும் முகஞ்சுளிக்க மாட்டார். யப்பானிய மொழியில் என்னைப் பற்றி நான் சமுஇ என்கலாம். ஊர் குளிராக இருக்கிறது என்பதற்கும் சமுஇ என்கலாம். ஆனால் எதிரே நடுங்கிக்கொண்டு நிற்கும் ஒரு பெண்ணைச் சுட்டி 'அவள் சமுஇ' என்று முடித்தால் கேட்பவர் காதுக்கு நெருடும். அவள் தோலுக்குள் நீ எப்போது போய் வந்தாய் என்பதுபோல இருக்கும். குளிரை உணர்கிறவர் மட்டுமே அதற்குச் சாட்சி. மற்றவர் சொல்வது வெறும் ஊகம். ஊகத்தை ஊகமென்று சொல்லும்படி இலக்கணமே கட்டளையிடுகிறது.

வழிகள் மூன்று. கண்ணால் பார்த்து ஊகித்தால் 'சமுசோ தெஸ்': குளிர்கிறது போலத் தோன்றுகிறது. காதால் கேட்டிருந்தால் 'சமுஇ சோ தெஸ்': குளிர்கிறதாம். இரண்டுக்கும் உள்ள வேறுபாடு நடுவே நிற்கும் ஓர் இகரந்தான். அதை விழுங்கிவிட்டால் கேட்டது பார்த்ததாகிவிடும். மூன்றாவது, 'சமுகரு'. (இந்தக் ககரம் 'அகம்' என்பதில்போல மெலிந்து ஒலிக்கும்.) குளிரை வெளியே தெரியும்படி காட்டுதல் என்று பொருள். உடம்பைக் குறுக்கிக்கொள்கிறாள், கம்பளியை இழுத்துப் போர்த்துகிறாள், கையை ஊதுகிறாள். ஆகவே அவள் 'சமுகத்தே இரு'. இந்தக் கரு என்ற ஒட்டுச் சேர்ந்தவுடன் பெயரடை வினையாகிவிடும். உள்ளே இருப்பது பெயரடைக்கு, வெளியே தெரிவது வினைக்கு என்று பாகம் பிரித்ததுபோல.

குளிருக்கு மட்டுமல்ல இந்தச் சட்டம். வலிக்கிறது, ஆசையாயிருக்கிறது, துக்கமாயிருக்கிறது, தனிமையாயிருக்கிறது, சந்தோஷமாயிருக்கிறது என்ற எல்லாவற்றுக்கும் இதே வேலிதான். கேள்வியாகக் கேட்டால் மட்டும் வேலி திறக்கும். "சமுஇ?" என்று முன்னாலிருப்பவரைப் பார்த்துக் கேட்கலாம், ஏனெனில் சாட்சி சொல்லும் உரிமையை அவரிடமே கொடுத்துவிடுகிறோம்.

தமிழில் இவை இல்லையென்று யாரும் நினைக்க வேண்டாம். "குளிருது போல", "குளிருதாம்" என்று நாமும் தினமும் சொல்கிறோம். 'போல' கண்ணுக்கு, 'ஆம்' காதுக்கு. சமுசோவும் சமுஇ சோவும் நம் வீட்டிலேயே கிடக்கின்றன. அவர்களுக்கு அது கட்டாயம், நமக்கு அது விருப்பம் என்பதே வேறுபாடு. ஆகவே படிக்கிற பிள்ளை புதிதாக எதையும் கற்க வேண்டியதில்லை. வேண்டியபோது மட்டும் போட்டுக்கொள்ளும் 'போல'வையும் 'ஆமை'யும் எப்போதும் போடப் பழகினால் போதும்.

இந்த வேலியைப் பற்றிப் படித்தபோது எனக்கு நெடுநல்வாடைதான் நினைவுக்கு வந்தது. கூதிர்காலத்து மழையும் வாடையும் முல்லை நிலத்தைப் பிடித்தாட்டுவதை நக்கீரர் தொடக்கத்திலேயே காட்டுகிறார். ஆயர்களுக்குக் குளிர்ந்தது என்று சொல்லிவிட்டுப் போயிருக்கலாம். அவர் அப்படிச் செய்யவில்லை. வெள்ளத்துக்கு அஞ்சி மேட்டுக்கு வந்த ஆயர் நெருப்பில் கைகாய்ச்சிக் கன்னம் நடுங்க நிற்கிறார்கள். மாடுகள் மேய்ச்சலை மறக்கின்றன. மந்தி கூனிக்குறுகுகிறது. மரத்திலிருந்த பறவை விழுகிறது. பால்குடிக்க வந்த கன்றைத் தாய்ப்பசு உதைத்துத் தள்ளுகிறது. எல்லாம் வெளியே தெரிவதுதான், எல்லாம் சமுகருதான். கடைசியில் குளிர் என்ற சொல்லை எடுத்து அந்தக் குன்றின் மேலேயே ஏற்றும்போதுகூட, குன்றுக்குக் குளிர்ந்தது என்று முடிக்காமல், 'அன்ன' என்ற உவம உருபைச் சேர்த்து, குன்றே குளிர்ந்தாற்போன்ற நடுஇரவு என்கிறார். யப்பானிய இலக்கணம் கட்டளையாக இட்டதைச் சங்கப் புலவர் கலையாகச் செய்திருக்கிறார். உள்ளத்து உணர்வு உடம்பின் வழியாகவே பிறர்க்குப் புலப்படும் என்பதைத் தொல்காப்பியம் மெய்ப்பாட்டியல் என்று ஓர் இயலாகவே வைத்தது. நகை, அழுகை முதலாக எட்டு மெய்ப்பாடு. குளிர் அந்த எட்டில் இல்லை. ஆனால் முறை அதே முறைதான்.

அப்படியானால் யப்பானியக் கதாசிரியர் என்ன செய்வார்? தம் பாத்திரத்துக்குக் குளிர்ந்தது என்று அவர் எழுதவே முடியாதா? இந்தக் கேள்வியை எஸ். ஒய். குரோடா என்ற மொழியியலறிஞர் 1973இல் ஒரு கட்டுரையில் ஆராய்ந்தார். சாதாரணப் பேச்சில் பிறரைப் பற்றி வரக்கூடாத பெயரடை, கதை சொல்லும் நடையில் தாராளமாக வருகிறது என்று அவர் காட்டினார். அங்கே பேசுவது பார்த்ததைச் செய்தியாகச் சொல்கிற ஒரு மனிதக் குரல் அல்ல. பாத்திரத்தின் உள்ளே போய்விட்ட குரல். கதைக்கு அந்தச் சலுகையை மொழி கொடுத்திருக்கிறது. ஒரேயொரு விகுதியைப் பார்த்தே இது செய்தியா கதையா என்று அறிந்துவிடலாம்.

நம் மொழியில் அப்படிக் காட்டிக்கொடுக்கும் விகுதி கிடையாது. ஆகையால் மலையகத்தைப் பற்றி எழுதப்பட்டவற்றைப் படிக்கும்போது, இது பார்த்தவரின் குளிரா, பட்டவரின் குளிரா என்று வாசகன்தான் கண்டுபிடித்துக்கொள்ள வேண்டும். தோட்டத்து மக்களின் குளிரை அவர்களுக்காகப் பிறர் பேசியது கொஞ்சநஞ்சமல்ல. பழைய நாட்களில் தோட்டம் கம்பளி கொடுத்து, அதன் விலையைத் தொழிலாளியின் கணக்கில் பிடித்துக்கொள்ளும். உனக்குக் குளிருகிறதா என்று கேட்டுக் கொடுத்த கம்பளியாக அது இராது. உனக்குக் குளிரும் என்று தீர்மானித்துக் கொடுத்து, கடனாக எழுதிக்கொண்ட கம்பளி. பின்னாளில் அனுதாபத்தோடு எழுதவந்தவர்களிலும் பலர் 'அவர்கள் குளிரில் வாடினர்' என்ற ஒரு வரியோடு கடந்துபோனார்கள். அந்த வரி பொய்யல்ல. ஆனால் சமுசோ என்று சொல்லவேண்டிய இடத்தில் சமுஇ என்று சொன்ன வரி.

தெளிவத்தை ஜோசப் (1934–2022) போன்றவர்கள் எழுத வந்தபோதுதான் இந்தக் கணக்கு மாறியது. பதுளை மாவட்டத்தில் பிறந்து, அங்குள்ள ஒரு தோட்டத்தின் பெயரையே தம் பெயருக்கு முன்னால் வைத்துக்கொண்டவர் அவர். லயத்து ஒற்றைக் காம்பராவுக்குள் ஒரு குடும்பம் எப்படி உறங்கி எழுகிறது என்பதை அவர் இஸ்தோப்பில் நின்று எட்டிப்பார்த்து எழுதவில்லை. குரோடா சொன்ன சலுகையை முழு உரிமையோடு எடுத்துக்கொண்டவர் என்பேன். வெளியிலிருந்து வருபவர் எழுதவே கூடாது என்பதல்ல என் கட்சி. வெளியிலிருந்து எழுதுபவருக்கு நக்கீரர் வழி திறந்தே கிடக்கிறது. கன்னம் நடுங்குவதைச் சரியாகப் பார்த்து எழுதினால், குளிர் தானே வந்துவிடும்.

மீண்டும் பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளையிடம் வருவோம். நாளை யப்பானில் ஒரு முதியோர் இல்லத்தில், தொண்ணூறு வயது அம்மையார் ஒருவரின் கட்டிலருகே அவள் நிற்கப்போகிறாள். சன்னல் திறந்திருக்கிறது. ஊரில் என்றால் "அம்மாயி, ஒனக்குக் குளிருது" என்று தானே முடிவுசெய்து, போர்வையை இழுத்து மூடிவிடுவாள். அம்மாயியும் அதை அன்பென்றே எடுத்துக்கொள்வாள். அங்கே அவள் சொல்லவேண்டியது "சமுகுனஇ தெஸ் கா?" என்பது. குளிரவில்லையா, குளிராக இல்லையா என்று எதிர்மறையில் கேட்பது. 'குளிருகிறதா' என்று நேரே கேட்பதைவிட இது மென்மையானது. உங்களுக்குக் குளிருமோ என்று எனக்கு ஒரு கவலை, ஆனால் தெரிந்தவர் நீங்கள்தான் என்ற பொருள் அதற்குள் இருக்கிறது. அம்மையார் ஆமென்றால், அடுத்த வேளைக்கு வருபவரிடம் சொல்லும்போது "குளிருகிறது என்று சொன்னார்" என்று சொல்லவேண்டும். வாய்திறக்க முடியாத நோயாளியானால், "குளிர்கிறது போலத் தோன்றியது, கை சில்லிட்டிருந்தது" என்று சொல்லவேண்டும். கைக்கு வரும் சொல் ட்சுமெதஇ. ஆளுக்கு வரும் சொல் சமுசோ. இரண்டையும் மாற்றிப் போட்டால் சொல்லப்படுவது வேறொரு செய்தி.

சிங்கள வழி வகுப்பில் உட்கார்ந்து படிக்கும் தமிழ்ப் பிள்ளைக்கு இதில் ஓர் அனுகூலமும் இருக்கிறது. பஸ் தரிப்பில் கேட்ட "சீத்தலய் நே"யை மறந்திருக்க மாட்டீர்கள். யப்பானியரும் "சமுஇ தெஸ் நே" என்பார்கள். இந்த 'நே'க்கும் அந்த 'நே'க்கும் உறவு கிடையாது. ஆனால் வேலை ஒன்றே. அப்படித்தானே என்று மற்றவரின் உடன்பாட்டைக் கேட்பது. குளிரைத் தனக்கென்று வைத்துக்கொள்ளாமல் இருவருக்கும் பொதுவாக்குகிற ஓரெழுத்து. அதற்குப் பதிலாக வருவதும் பெரும்பாலும் அதே "சமுஇ தெஸ் நே"தான். தவாரா மச்சி என்ற பெண் கவிஞர் 1987இல் வெளியிட்டுப் பெரும் புகழ்பெற்ற 'சலாட் ஆண்டுநிறைவு' தொகுதியில், இந்தச் சொல்லை ஒருவர் சொல்ல மற்றவர் திருப்பிச் சொல்வதையே பொருளாகக் கொண்ட தன்கா ஒன்று உண்டு. யப்பான் முழுவதும் அறிந்த கவிதைகளுள் அதுவும் ஒன்று.

வகுப்பில் இதைப் பயிற்சி செய்யும் பிள்ளைகளுக்கு ஒரு யோசனை. மார்கழி விடியலில் பெரட்டுக்களத்துக்குப் போகும் பாதையில் நின்று, முதலில் உங்களுக்கு எப்படியிருக்கிறது என்று ஒரு வாக்கியம் சொல்லுங்கள். பிறகு எதிரே கூடையோடு வரும் அக்காவைப் பற்றி ஒரு வாக்கியம். முதலாவதில் சமுஇ, இரண்டாவதில் சமுசோ. பிறகு அவரிடமே கேட்டுவிட்டு மூன்றாவதைச் சொல்லுங்கள். அவர் "இல்லப்பா, பழகிருச்சு" என்றும் சொல்லக்கூடும். அதற்கு யப்பானிய மொழியில் என்னவென்று அடுத்த பாடத்தில் வரும்.